கன்டினுவேஷன் மோனாட்: பைண்ட் எழுதும் இடத்தில் மூன்று வாரமாக நிற்கிறேன்

தென்பெண்ணைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் காவேரிப்பட்டணம் பக்கம், வேலை ஓசூரில். தொழிற்சாலை இயந்திரங்களிலிருந்து வரும் அளவீடுகளைச் சேகரிக்கும் மென்பொருள் எழுதுகிறோம். அலுவலகத்தில் எல்லாமே ஜாவாஸ்கிரிப்ட். ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியை என் சொந்த ஆசைக்காக எட்டு மாதமாகப் படிக்கிறேன். கிருஷ்ணகிரியில் பஸ் ஏறி ஓசூரில் இறங்கும்வரை உள்ள நேரம்தான் எனக்குப் படிப்பு நேரம். நிற்க இடம் கிடைப்பதே பெரிது என்பதால் லேப்டாப் திறக்க முடியாது. நோட்டும் பேனாவும்தான்.

அதில் மோனாட் என்பது படிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் வடிவம், கோக்கும் ஃபங்ஷன்தான் பைண்ட். அவற்றில் மேபி புரிந்தது. லிஸ்ட் புரிந்தது. ஸ்டேட் இரண்டு வாரம் எடுத்தது, ஆனால் புரிந்த அன்று சூளகிரி தாண்டியதே தெரியவில்லை. கன்டினுவேஷன் மோனாட் மட்டும் பிடிபடவில்லை.

எனக்குப் புரிந்த அளவு இது. சாதாரண ஃபங்ஷன் விடையைத் திருப்பித் தரும். கன்டினுவேஷன் பாணியில் எழுதினால், விடையை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையும் ஒரு ஃபங்ஷனாக உள்ளே வாங்கிக்கொள்ளும். நோட்டில் தமிழிலேயே எழுதிப் பார்த்தேன்:

வர்க்கம் எ = \பி → பி (எ × எ)
கூட்டு எ ஏ = \பி → பி (எ + ஏ)

இதில் பி என்றால் பிறகு. \பி → என்றால் பி-யை வாங்கிக்கொள்ளும் பெயரில்லாத ஃபங்ஷன். இதுவரை சரி. அப்புறம் பைண்ட் வருகிறது:

பைண்ட் ம ஃப = \பி → ம (\வி → ஃப வி பி)

இந்த ஒரு வரியை மனப்பாடமாக எழுதுவேன். ஆனால் யாராவது ஏன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மேபியில் ஜஸ்ட் என்பதைப் பிரித்தால் உள்ளே மதிப்பு இருக்கிறது, எடுத்து அடுத்த ஃபங்ஷனுக்குக் கொடுக்கிறோம். இங்கே ம என்பதன் வகை (அ → ர) → ர, அதாவது அ வாங்கி ர தரும் ஒரு ஃபங்ஷனை வாங்கிக்கொண்டு ர தருவது. இதில் பிரிப்பதற்கு என்ன இருக்கிறது? அ எங்கே இருக்கிறது? எனக்கு விடை வேண்டாம், விடை நோட்டில் இருக்கிறது. அந்த வரிக்கு நானே போய்ச் சேரும் வழி வேண்டும்.


ராயக்கோட்டை ரோடு எழுதியது:

ஜாவாஸ்கிரிப்ட் தெரியும் என்கிறீர்கள், அப்படியென்றால் பாதி ஏற்கெனவே தெரியும். கால்பேக் என்று ஒரு ஃபங்ஷனைக் கடைசி ஆர்க்யுமென்டாக அனுப்புகிறோமே, அதுதான் உங்கள் பி. கால்பேக்குக்குள் கால்பேக் என்று வலது பக்கமாகச் சரிந்துகொண்டே போகும் கோடைத் தட்டையாக்கத்தான் பிராமிஸ் வந்தது. பிராமிஸில் தென் செய்யும் வேலையைத்தான் இங்கே பைண்ட் செய்கிறது.

ஆனால் இரண்டும் ஒன்று என்று எண்ணிவிட வேண்டாம். பிராமிஸை உருவாக்கிய உடனே வேலை ஓட ஆரம்பித்துவிடும், ஒரே ஒரு முறைதான் முடியும், முடிந்த விடையை நினைவில் வைத்துக்கொள்ளும். கன்டினுவேஷன் மோனாட் பி கைக்கு வரும்வரை எதுவுமே செய்யாது. பி வந்தபின் அதை ஒரு முறையும் கூப்பிடலாம், பத்து முறையும் கூப்பிடலாம், கூப்பிடாமலும் விடலாம்.


தென்பெண்ணைக்கரை எழுதியது:

நன்றி. கால்பேக் என்று சொன்னதும் எதற்காக இது என்பது தெளிவானது. ஆனால் பைண்ட் ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்பது இன்னும் இல்லை. கால்பேக் கோடு எழுதும்போதும் நான் பழக்கத்தில்தான் எழுதுகிறேன் என்று இப்போது தெரிகிறது.


பாலக்கோட்டுக்காரன் எழுதியது:

தங்கச்சி, "அ எங்கே இருக்கிறது" என்ற கேள்வியில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. எனக்கும் அங்கேதான் சிக்கியது, பல மாதம். என் அப்பா தக்காளி மண்டியில் கணக்கு எழுதினார். பள்ளி விடுமுறையில் நானும் அங்கே சீட்டு எழுதியிருக்கிறேன். கடைசியில் எனக்கு வழி காட்டியது அந்தச் சீட்டுதான். நீங்கள் காவேரிப்பட்டணம் என்பதால் மாங்காயை வைத்துச் சொல்கிறேன்.

தோப்பிலிருந்து ஒரு லோடு பெங்களூரா மாங்காய், மாங்கூழ் ஆலைக்குப் போகிறது என்று வையுங்கள். முதலில் எடைமேடை, அப்புறம் தரம் பார்க்கும் இடம், அப்புறம் இறக்குமிடம். சாதாரண ஃபங்ஷன் முறை என்றால் டிரைவர் எடை போட்டுவிட்டுத் தோப்புக்குத் திரும்பி வந்து எடையை உங்கள் அப்பாவிடம் சொல்வார். அப்பா யோசித்து, சரி, தரம் பார்க்கப் போ என்று மறுபடி அனுப்புவார். ஒவ்வொரு படிக்கும் திரும்பி வர வேண்டும்.

கன்டினுவேஷன் முறையில் யாரும் திரும்பி வருவதில்லை. கிளம்பும்போதே டிரைவர் கையில் அப்பா ஒரு சீட்டு கொடுத்துவிடுகிறார்: "எல்லாம் முடிந்ததும் என்ன தொகை என்று எனக்கு போன் போடு." இந்தச் சீட்டுதான் பி. எடைமேடைக்காரருக்கு உங்கள் அப்பா யார் என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். வேலையை முடித்ததும் சீட்டில் சொன்னபடி செய்வார், அவ்வளவுதான்.

இப்போது பைண்ட். எடைமேடை, தரம் பார்ப்பவர் என்று இரண்டு பேர். அப்பாவின் சீட்டு ஒன்றுதான். அதை நேராக எடைமேடைக்காரரிடம் கொடுத்தால் என்ன ஆகும்? அவர் எடை போட்டதும் அப்பாவுக்கு போன் போட்டுவிடுவார், தரம் பார்க்கும் வேலையே நடக்காது. அதனால் அவருக்கு வேறு ஒரு சீட்டு எழுத வேண்டும்: "எடை தெரிந்ததும் தரம் பார்ப்பவரிடம் அந்த எடையைச் சொல், கூடவே அப்பாவின் சீட்டையும் அவரிடம் கொடு." இந்தப் புதிய சீட்டுதான் \வி → ஃப வி பி. அதை எடைமேடைக்காரர் கையில் கொடுப்பதுதான் ம (\வி → ஃப வி பி). நீங்கள் மனப்பாடம் செய்த வரி அதுதான்.

ஆகவே அ எங்கே என்றால், நம் கையில் எங்கும் இல்லை. எடை எடைமேடையில்தான் பிறக்கும். அதைப் பிரித்து எடுக்க முடியாது. அது பிறக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுக்க மட்டும்தான் முடியும். மோனாட் என்றால் பெட்டி, பெட்டிக்குள் மதிப்பு என்று சொல்லிக்கொடுப்பதை நான் விரும்பாததற்குக் காரணம் இதுதான். மேபிக்கு அது பொருந்தும், இங்கே வந்ததும் நம்மைத் தவறான கதவில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

சரி, கதையை விட்டுவிட்டு வகைகளை மட்டும் வைத்துப் போவோம். நீங்கள் கேட்டது வழி. நோட்டில் இப்படி எழுதுங்கள்.

ம : (அ → ர) → ர
ஃப : அ → ((ஆ → ர) → ர)
வேண்டியது : (ஆ → ர) → ர

வேண்டியது ஒரு ஃபங்ஷன், அதனால் \பி → என்று ஆரம்பித்துத்தான் ஆக வேண்டும். இப்போது கையில் பி இருக்கிறது, அதன் வகை ஆ → ர. அம்புக்குறிக்கு வலப்பக்கம் காலியிடம், அங்கே ர வகையில் ஏதாவது வர வேண்டும்.

ர யாரால் தர முடியும்? பி தரும், ஆனால் அதற்கு ஆ வேண்டும். ஆ கிடைக்க ஃப வழியாகப் போக வேண்டும், ஃப கேட்பது அ. அ நம்மிடம் இல்லை. மீதி இருப்பது ம மட்டும்தான். அது ர தரும், ஆனால் அதற்கு அ → ர என்ற வகையில் ஒரு ஃபங்ஷன் வேண்டும். இல்லாத ஃபங்ஷன்தானே, நாமே எழுதுவோம்: ம (\வி → காலியிடம்). அந்தக் காலியிடத்திலும் ர தான் வர வேண்டும். ஆனால் இந்த முறை நிலைமை வேறு, வி என்ற பெயரில் அ கையில் வந்துவிட்டது! ஃப வி என்று எழுதினால் (ஆ → ர) → ர கிடைக்கிறது. அதற்கு வேண்டிய ஆ → ர நம்மிடம் முதலிலிருந்தே இருக்கிறது, பி. எனவே ஃப வி பி. அதன் வகை ர. முடிந்தது.

எந்த இடத்திலும் நாம் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு அடியிலும் நேரான வழி ஒன்றுதான் இருந்தது. வீட்டில் கம்ப்யூட்டர் முன் உட்காரும்போது காலியிடத்தில் அடிக்கோடு போட்டுக் கம்பைல் செய்யுங்கள். அங்கே என்ன வகை வேண்டும், கையில் என்னென்ன இருக்கிறது என்று ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஎச்சி தானே சொல்லும்.

கடைசியாக ஒன்று. பஸ்ஸில் 3, 4 என்ற எண்களை வைத்து ஒரு முறை கையால் ஓட்டிப் பாருங்கள். ஒரு வரி கூடத் தாண்ட வேண்டாம். இது கண்ணால் படித்துப் புரியும் விஷயம் இல்லை.


தென்பெண்ணைக்கரை எழுதியது:

அண்ணா, இன்று காலை ஓட்டினேன். அப்படியே எழுதுகிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள். ஃப என்பது 3இன் வர்க்கம் கிடைத்தபின் நடக்க வேண்டிய மீதி வேலை:

ஃப = \வி → பைண்ட் (வர்க்கம் 4) (\ஏ → கூட்டு வி ஏ)

கடைசிச் சீட்டு காட்டு.

பைண்ட் (வர்க்கம் 3) ஃப காட்டு
= வர்க்கம் 3 (\வி → ஃப வி காட்டு)
= (\வி → ஃப வி காட்டு) 9
= ஃப 9 காட்டு
= பைண்ட் (வர்க்கம் 4) (\ஏ → கூட்டு 9 ஏ) காட்டு
= வர்க்கம் 4 (\வி → கூட்டு 9 வி காட்டு)
= கூட்டு 9 16 காட்டு
= காட்டு 25

நான்காவது வரியில் பேனாவை வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஃப 9 காட்டு. 9 வந்துவிட்டது, காட்டு என்ற சீட்டு மடங்காமல் கசங்காமல் அடுத்த ஆளின் கைக்குப் போயிருக்கிறது. மூன்று வாரமாக நான் பார்க்காதது இதைத்தான். நான் ம-வுக்கு உள்ளே தேடிக்கொண்டிருந்தேன், அது எனக்கு வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது.

இரவு அப்பாவிடமும் சொன்னேன். ஆடி மாதம் லோடு அனுப்பும்போது அவர் உண்மையிலேயே அப்படித்தான் சீட்டு எழுதுவார், நடுவில் யாருக்கும் போன் போடுவதில்லை. இதில் என்ன புதிது என்று கேட்டார்.

வீட்டில் ஹாஸ்கெலில் எழுதியபோது மட்டும் ஒரு சிக்கல். நான் வைத்திருக்கும் பழைய பாடத்தில் கன்டினுவேஷன் மதிப்பைக் கட்டுவதற்குக் கான்ட் என்று பெரிய எழுத்தில் தொடங்கும் கன்ஸ்ட்ரக்டர் இருக்கிறது, எனக்கு அப்படி ஒன்று இல்லை என்று எர்ரர் வருகிறது. இன்னொரு கேள்வி, கால்சிசி என்பது என்ன? அதையும் இதே போல் படியாகப் போட முடியுமா?


ராயக்கோட்டை ரோடு எழுதியது:

அந்த எர்ரர் எல்லோருக்கும் வருவது. இப்போதைய நூலகத்தில் கான்ட் தனி வகை இல்லை, இன்னொரு மோனாட் மேல் ஏறும் கான்ட்டி என்ற டிரான்ஸ்ஃபார்மரை, தானாக எதுவும் சேர்க்காத ஐடென்டிட்டி மேல் வைத்ததற்கு ஒரு மாற்றுப்பெயர். அதனால் கன்ஸ்ட்ரக்டரும் கிடையாது. முதல் எழுத்தைச் சிறியதாகப் போட்டு அதே பெயரில் ஒரு சாதாரண ஃபங்ஷன் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். பிரித்து ஓட்ட ரன்கான்ட்.


அரூர் கணக்கு எழுதியது:

கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். நிரலாக்கம் எனக்குப் பிறகு வந்தது, அதனால் கால்சிசியைக் கணிதப் பக்கத்திலிருந்து பிடித்தேன். இரண்டு வழியும் சொல்கிறேன்.

கால்சிசி ஃப = \பி → ஃப (\வி → \_ → பி வி) பி

பாலக்கோட்டுத் தம்பி சொன்ன சீட்டிலேயே இருப்போம். பி என்பது இந்த நிமிடத்தில் கையில் இருக்கும் சீட்டு. கால்சிசி அதை ஃப-வுக்கு வழக்கம்போல் கொடுக்கிறது, கடைசியில் இருக்கும் பி அதுதான். கூடவே அதே சீட்டை ஒரு வெளியேறும் கதவாகவும் மாற்றிக் கொடுக்கிறது. கதவுக்குள் இருக்கும் அடிக்கோட்டைப் பாருங்கள். அந்த இடத்தில் யார் எந்தச் சீட்டைக் கொடுத்தாலும் வாங்கிக் கீழே போட்டுவிட்டுப் பழைய பி-யையே கூப்பிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. மொத்த எடையைப் பெட்டி எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், பெட்டி 0 என்றால் வகுக்காமல் 0 என்று வெளியேற வேண்டும்.

சரிபார் வெளியே பெட்டி = பெட்டி 0 என்றால் வெளியே 0, இல்லையென்றால் திருப்பு பெட்டி

சராசரி மொத்தம் பெட்டி = கால்சிசி (\வெளியே → பைண்ட் (சரிபார் வெளியே பெட்டி) (\எ → திருப்பு (மொத்தம் ÷ எ)))

திருப்பு எ என்பது \பி → பி எ. பெட்டி 0 என்று வைத்து ஓட்டினால், வெளியே 0 என்பது \_ → பி 0 ஆகிறது. பைண்ட் அதன் கையில் வகுத்தல் எழுதிய சீட்டைக் கொடுக்கிறது. அந்தச் சீட்டு கீழே விழுகிறது. மிஞ்சுவது பி 0. வகுத்தல் நடக்கவே இல்லை. பிழை சொல்லும் தனி ஏற்பாடு ஏதும் மொழியில் இல்லாமலே, வெறும் சார்புகளால் பாதியில் வெளியேறுகிறோம்.

இப்போது என் பக்கம். மோனாட் மேலுறையை எடுத்துவிட்டுக் கால்சிசியின் வகையை எழுதினால் ((அ → ஆ) → அ) → அ என்று வரும். அம்புக்குறியை "எனில்" என்று படியுங்கள். இது தருக்கவியலில் பியர்ஸ் விதி. மெய்மை அட்டவணை போட்டுப் பாருங்கள், நான்கு வரியிலும் மெய் என்றே வரும். அ மெய் என்றால் சொல்ல வேண்டியதில்லை. அ பொய் என்றால் அ → ஆ மெய், அதனால் (அ → ஆ) → அ பொய், அதனால் முழுக் கூற்று மெய். கால்சிசிக்கும் இந்த விதிக்கும் உள்ள உறவை 1990இல் டிமோதி கிரிஃபின் காட்டினார். தர்மபுரி பஸ் நிலையத்தில் உட்கார்ந்து முதல் முறை இந்த அட்டவணையைப் போட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நிரல் எழுதுபவர்கள் வெளியேறும் கதவு என்று கட்டியதும், தருக்கவியலில் நாங்கள் விதி என்று படித்ததும் ஒரே வடிவம்.

தங்கை மூன்று வாரம் என்று வருத்தப்பட வேண்டாம். 1964இல் கணினியியலாளர் அட்ரியான் வான் வைன்கார்டன் கன்டினுவேஷனின் ஒரு வடிவத்தைச் சொன்னார். அடுத்த பத்து ஆண்டுகளில் பலர் ஒருவரைப் பற்றி ஒருவர் அறியாமல் தனித்தனியாக இதையே மறுபடி கண்டடைந்தார்கள் என்று ஜான் ரெனால்ட்ஸ் 1993இல் எழுதினார். பலமுறை கண்டுபிடிக்க வேண்டியிருந்த கருத்து என்றால், அது ஒரே பார்வையில் பிடிபடும் கருத்து இல்லை.


பாலக்கோட்டுக்காரன் எழுதியது:

அக்கா சொன்ன பிறகு கால்சிசியில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. எங்கே பயன்படுத்தலாம் என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் புரிந்த உற்சாகத்தில் எல்லா இடத்திலும் போடத் தோன்றும்.

பாதியில் வெளியேறுவது மட்டும் போதும் என்றால், விடை அல்லது பிழை என்று இரண்டில் ஒன்றைத் தரும் ஈதர் போதும். படிப்பவருக்கும் எளிது. கான்ட்டி உண்மையில் கை கொடுப்பது ஒன்றைத் திறந்து, வேலை முடிந்ததும் மூட வேண்டிய இடங்களில். கோப்பைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடும் வித்ஃபைல் என்ற ஃபங்ஷனின் வகையைப் பாருங்கள். கோப்பின் பெயரும் முறையும் கொடுத்த பிறகு மீதி இருப்பது (ஹேண்டில் → ஐஓ ர) → ஐஓ ர. ஹேண்டில் என்பது திறந்த கோப்பு, ஐஓ ர என்பது வெளியுலகைத் தொட்டு ர தரும் வேலை. அது ஏற்கெனவே நம் வடிவம்தான், யாரும் மாற்ற வேண்டியதில்லை. கோப்பு ஒன்று, டேட்டாபேஸ் இணைப்பு ஒன்று, சாக்கெட் ஒன்று என்று மூன்றையும் திறக்க வேண்டுமென்றால் மூன்று அடுக்கு உள்ளே போகாமல், பைண்டுகளை வரிவரியாக எழுதும் டூ போட்டு மூன்று வரியில் நேராக எழுதலாம். நீங்கள் செய்யும் வேலைக்கு இது நாளைக்கே உதவும்.

இதில் நான் ஒரு முறை அடிபட்டிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு கோப்புறையில் இருந்த எல்லாக் கோப்புகளையும் ஒரே கான்ட்டிக்குள் வரிசையாகத் திறந்தேன். படித்து முடித்த கோப்பு மூடிவிடும் என்று நினைத்தேன். மூடாது. வித்ஃபைல் மூடுவது அதன் பி முடிந்த பிறகு, அதன் பி என்பதோ மீதி நிரல் முழுவதும். கடைசிக் கோப்பு முடியும்வரை முதல் கோப்பும் திறந்தே இருந்தது. திறக்கக்கூடிய கோப்புகளின் எண்ணிக்கை வரம்பைத் தொட்டு இரவு நிரல் நின்றது, காலையில்தான் தெரிந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக ரன்கான்ட்டி போட்டதும் சரியானது. பி என்றால் அடுத்த வரி இல்லை, மீதி எல்லாம். அதை அன்றுதான் முழுதாக உணர்ந்தேன்.

இன்னொன்று. லாரி உவமை இதற்கு மேல் வராது. லாரி ஒன்றுதான், ஒரு தடவைதான் போகும். பி-யை எத்தனை தடவை வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று ராயக்கோட்டை நண்பர் முதலிலேயே சொன்னாரே, அதற்கு உவமையை விட்டுவிட்டு நோட்டுக்குத்தான் போக வேண்டும். பி-யை இரண்டு தடவை கூப்பிட்டால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். ர என்பதைப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள்.


தென்பெண்ணைக்கரை எழுதியது:

அக்கா, அட்டவணை போட்டேன். நான்கு வரியிலும் மெய். இரண்டு முறை சரிபார்த்தேன்.

அண்ணா சொன்னதை ஞாயிற்றுக்கிழமை தோப்பில் உட்கார்ந்து எழுதினேன், இரவு, வரிவரியாக ஓட்டிப் பார்க்கும் ஜிஎச்சிஐயில் ஓட்டினேன். ++ என்பது இரண்டு பட்டியலை ஒட்டுவது.

ஒன்றிரண்டு = \பி → பி 1 ++ பி 2
பத்திருபது = \பி → பி 10 ++ பி 20

முதலாவதை ஓட்டி, வரும் எண்ணை இரண்டாவதிலிருந்து வரும் எண்ணோடு பெருக்கித் திருப்பச் சொன்னேன். கடைசிச் சீட்டு \வி → [வி]. வந்த விடை [10, 20, 20, 40]. லிஸ்ட் மோனாடில் இரண்டு பட்டியலை வைத்துச் செய்தால் என்ன வருமோ அதே விடை. பட்டியலுக்கென்று பைண்டில் ஓர் எழுத்து கூட மாற்றவில்லை.

அப்புறம் யாரும் கேட்காமலே இன்னொன்றும் செய்து பார்த்தேன். நடுவில் \பி → [] என்று ஒன்றைச் செருகினேன், அதாவது பி-யைக் கூப்பிடவே இல்லை. ஓட்டுவதற்கு முன் விடையை நோட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் என்டர் தட்டினேன். வெறும் பட்டியல் வந்தது. நோட்டிலும் அதுதான் இருந்தது.